விருச்சிகத்து விண்மீனுக்கு ஓர் இன்ஷியல்

தென்காசிக்குப் போகிறேன் என்றதும் தைப்பிங்கில் என் பக்கத்து வீட்டுக்காரி, "அருவியில் குளிக்கவா?" என்று கேட்டாள். இல்லை, ஒரு விண்மீனுக்குப் பெயர் வைக்கிற விஷயமாக என்றேன். அவள் சிரித்துவிட்டு, வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிவரச் சொன்னாள்.

நான் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள். அரசு மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். தைப்பிங் மழை ஊர். ஆசைப்பட்டு வாங்கிய தொலைநோக்கியில் ஆறு மாதத்தில் நான் பார்த்ததெல்லாம் மேகத்தின் அடிவயிறுதான். அதன் பிறகுதான் கணினியிலேயே வானம் பார்க்கலாம் என்று தெரிந்தது. சில பெரிய தொலைநோக்கிகள் தினமும் வானத்தைப் படம் எடுத்து, லட்சக்கணக்கான விண்மீன்களின் ஒளி அளவைப் பொதுவில் போட்டுவிடுகின்றன. அந்தக் குவியலை உட்கார்ந்து கிளறினால், ஒளி கூடிக் குறைகிற, ஆனால் இதுவரை யாருமே கவனிக்காத விண்மீன் ஒன்று அகப்படலாம். கோப்பு அடுக்கியவளுக்கு இது பழகிய வேலை. இதுவரை மூன்று கண்டுபிடித்திருக்கிறேன்.

இணையத்தில் இதே வேலையைச் செய்யும் குழு ஒன்றில்தான் கோமதி பழக்கமானாள். தென்காசிக்காரி, இயற்பியல் படித்துவிட்டுக் காவலர் வேலையில் சேர்ந்தவள், வயது இருபத்தொன்பது. ஓய்வு நாள்களில் வரைபடங்களோடு மல்லுக்கட்டுவாள். விருச்சிகத்தில் அவள் ஒரு விண்மீனைப் பிடித்தாள். இரண்டே முக்கால் நாளுக்கு ஒருமுறை அது மங்கி, சில மணி நேரத்தில் மறுபடி பழையபடி ஒளிரும். உண்மையில் அது ஒன்றல்ல, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. ஒன்று மற்றொன்றை மறைக்கும்போது நமக்கு மங்கலாகத் தெரிகிறது. கணக்கை நான் சரிபார்த்தேன். உலகத்து மாறும் விண்மீன்களின் பட்டியலுக்கு விண்ணப்பமும் நானே நிரப்பி அனுப்பினேன். "அந்த இங்கிலீஷ் பாரத்தப் பாத்தாலே தல சுத்துது, நீங்களே போட்டுருங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். பிறகு, "குற்றால சீசன் வருது, நீங்களும் வாங்க" என்றாள். ஒன்றரை வருடம் எழுத்திலேயே பேசியவளை நேரில் பார்க்கும் ஆசையில் கிளம்பினேன்.

முதல் நாள் கேரளத்துப் பக்கமிருந்து மலை இறங்கும் பேருந்தில் வந்தேன். எல்லைச் சோதனைச் சாவடி இருக்கும் புளியறை நெருங்கும்போது கண்ணாடி துடைக்கிற கம்பி கழன்று சாலையில் விழுந்தது. ஓட்டுநர் அலட்டிக்கொள்ளவில்லை. நடத்துநர் முன்னால் வந்து, சன்னலுக்கு வெளியே இடுப்பு வரை நீட்டி, ஒரு துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். எங்கள் ஊரில் இப்படி நடந்தால் எல்லோரும் இறங்கி நின்று கைப்பேசியில் படம் எடுத்திருப்போம். இங்கே பின் இருக்கையில் ஒருவர், "அண்ணாச்சி, இடது ஓரம் விட்டுப்போச்சு" என்று எடுத்துக் கொடுத்ததோடு சரி.

தென்காசி நிலையத்தில் காக்கி உடையோடு கோமதி காத்திருந்தாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். என் பெட்டியைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, "ஏறுங்கக்கா, சாரல் வலுக்கதுக்குள்ள போயிருவோம்" என்றாள். மழை தூசாகப் பறந்தது. தைப்பிங் மழை ஆளை அடித்து வீட்டுக்குள் தள்ளும். இது தோளில் கைபோட்டுக் கூடவே வருகிறது.

வீடு இலஞ்சியில். அவளும் அம்மா ஆவுடையம்மாளும்தான். ஆவுடையம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்தவர். அதனால் அவருக்குக் குறைவாகச் சமைக்கத் தெரியாது. மூன்று பேருக்குச் சொதியும் இஞ்சித் துவையலும் ஒரு வகுப்பறைக்குக் காணும் அளவு இருந்தது. "மலேசியாவுல சோறு உண்டா, இல்ல எல்லாம் டப்பாதானா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றினார்.

சாப்பாட்டின்போது விண்மீனுக்கு எப்படிப் பெயர் வைப்பார்கள் என்ற பேச்சு வந்தது. ஆவுடையம்மாளுக்கு விளக்க முயன்றேன். ஒரு விண்மீன் கூட்டத்தில் முதலில் கண்ட மாறும் விண்மீனுக்கு ஆர் என்று பெயர். அதற்கு முந்தைய எழுத்துகளெல்லாம் ஏற்கெனவே மற்ற விண்மீன்களுக்குப் போய்விட்டன. அடுத்தது எஸ், இப்படியே இசட் வரை. எழுத்து தீர்ந்ததும் ஆர்ஆர், ஆர்எஸ் என்று இரட்டை எழுத்து. அதுவும் தீர்ந்ததும் ஏஏ-யிலிருந்து மறுபடி. ஐ என்ற எழுத்தோடு குழம்பிவிடும் என்று ஜேயை மட்டும் சேர்ப்பதில்லை. இப்படி முந்நூற்று முப்பத்து நான்கு பெயர் ஆனதும் எழுத்தைக் கைவிட்டு, வி 335, வி 336 என்று எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

"பஸ்ஸுக்கு நம்பர் போடுத மாதிரில்லா இருக்கு" என்றார் ஆவுடையம்மாள். "எங்க பள்ளிக்கூடத்துல ஒரே வகுப்புல அஞ்சு மாடசாமி. வாத்தியாரு இப்படித்தான் தவிப்பாரு."

"அந்த நிரந்தரப் பெயர் வர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை, கண்டுபிடித்தவரின் குடும்பப் பெயரும் அதன் பின்னால் வி ஒன்று, வி இரண்டு என்று எண்ணும்தான் பட்டியலில் இருக்கும்" என்றேன்.

கோமதி இலையைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குடும்பப் பெயர் என்றதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் அவளுக்குக் குற்றாலப் பேரருவியில் பணி. நானும் போனேன். சீசன் கூட்டம். எண்ணெய் தேய்த்து மினுமினுக்கும் தொந்திகள், ஈரச் சேலைகள், சூடான வடை வாசனை. அருவிக்கு முன்னால் கோமதி விசிலோடு நின்று வரிசையை நகர்த்திக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, போதும், வெளிய வாங்க. அருவி எங்கயும் போயிராது. ஆச்சி, பைய, பாறை வழுக்கும்." நான் தண்ணீருக்குள் தலையை நீட்டியதும், முப்பது வருடத்து மருத்துவமனைக் கோப்புகள் மொத்தமாகத் தலையில் விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு நிமிடத்தில் விசில். "அக்கா, நீங்களுந்தான்" என்றாள். சலுகை கிடையாது.

மதியம் அவளுக்குச் சாப்பாட்டு நேரம் வந்தபோது என் கைப்பேசியில் மின்னஞ்சல். பட்டியலைச் சரிபார்க்கும் அதிகாரி வேறொரு நாட்டிலிருந்து எழுதியிருந்தார். அளவீடுகள் சரி, விண்மீன் புதியதுதான், பெயரை உறுதிசெய்தால் வெளியிட்டுவிடலாம். நான் சின்னப் பிள்ளை போலக் குதித்து அதை அவளிடம் காட்டினேன். படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"அக்கா, இதென்ன, பரமசிவம் வி ஒண்ணு?"

"உன் இன்ஷியலுக்கு விரிவு கேட்டேனே. பரமசிவம் என்று நீதானே அனுப்பினாய்?"

"கேட்டிய. எதுக்குன்னு சொல்லலியே."

அவள் குரல் உயரவில்லை. கைப்பேசியைத் திருப்பி என் கையில் வைத்தாள். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சக காவலர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏய், நம்ம புளியறை பரோட்டாக்கடக்காரரு பேருல நட்சத்திரமா!" என்று உற்சாகமானார். கோமதி எழுந்து போய் விசிலை ஊதினாள். அடித்த விசிலில் அருவிக்கு அடியில் நின்றவர்கள் பாதிப்பேர் தாமாகவே வெளியே வந்துவிட்டார்கள்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் என் அடையாள அட்டையில் சரஸ்வதி ஏ/பி வீரப்பன் என்றிருக்கும். ஏ/பி என்பது மலாயில் மகள் என்பதன் சுருக்கம். எந்தப் படிவம் குடும்பப் பெயர் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு அப்பா பெயரை எழுதிவிடுவோம். நான் கண்டுபிடித்த மூன்று விண்மீன்களும் வீரப்பன் வி ஒன்று, இரண்டு, மூன்றுதான். ரயில் தண்டவாளத்தில் வேலை பார்த்து, என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு மிதித்தவர் பெயர் அது. எழுதும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். வேறொரு வீட்டில் அதே இடத்தில் வேறு மாதிரி ஒரு மனிதர் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சாயங்காலம் ஆவுடையம்மாள்தான் கதையைச் சொன்னார், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. கோமதிக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவள் அப்பா பரமசிவம் கேரளத்துக்கு வேலைக்குப் போனார். அங்கேயே இன்னொரு குடும்பம் ஆனது. பல வருடம் கழித்து அந்தக் குடும்பத்தோடு திரும்பி வந்து, புளியறையில் பரோட்டாக் கடை போட்டார். கோமதி அங்கே சோதனைச் சாவடியில் எட்டு மாதம் பணியில் இருந்திருக்கிறாள். கடை நாற்பது தப்படி தூரத்தில். எட்டு மாதமும் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு. அந்தக் கடையில் ஒரு டீ குடித்ததில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. தெரியாமல் செய்துட்டேன்" என்றேன். கண் கலங்கிவிட்டது.

ஆவுடையம்மாள் அரிவாள்மணையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "ஏம்மா, அந்த நட்சத்திரம் என்ன செய்யும்னு சொன்னிய?"

"இரண்டே முக்கால் நாளுக்கு ஒருமுறை மங்கும். பிறகு தானாகத் திரும்பி வரும்."

"சொல்லாமக் கொள்ளாம மறைஞ்சு போயிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பளபளன்னு வந்து நிக்கும். அப்பம் அவரு பேருதான் அதுக்கு ரொம்பப் பொருத்தம்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த கோமதி முதலில் முறைத்தாள், பிறகு அவளாலும் அடக்க முடியவில்லை. நானும் அழுகையும் சிரிப்புமாக வெண்டைக்காயை நறுக்கினேன்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே கோமதியின் கைப்பேசி அடித்தது. சக காவலரின் உற்சாகம் புளியறை வரை போய்விட்டிருந்தது. ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. "ஏட்டி கோமதி... அப்பா பேசுதேன். என் பேருல நட்சத்திரமாமே?" அவள் உடனே துண்டித்தாள். மீதித் துணியையும் மடித்து முடித்தாள். பிறகு என்னிடம், "நாளைக்கு எனக்கு ஓய்வு. என்கூட வாரியளாக்கா? நேர்ல சொல்லிட்டு வந்துருவோம்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை ஸ்கூட்டரில் கிளம்பினோம். செங்கோட்டை தாண்டியதும் ஸ்கூட்டர் இருமி, கனைத்து, நின்றுவிட்டது. அதை ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு, கேரளத்துக்கு வைக்கோல் ஏற்றிப்போன லாரியை மறித்து ஏறினோம். ஓட்டுநர் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசினார். "மலேசியாவிலே பசு உண்டோ சேச்சி? அங்கேயும் வைக்கோல் வேணுமோ?" வண்டிக்குள் வயல் மணம். கோமதி வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சொல்லப் போவதை ஒத்திகை பார்க்கிறாள் என்று தோன்றியது.

புளியறையில் இறங்கினால், கடை முகப்பிலேயே புதிய பலகை. பரமசிவம் ஸ்டார் பரோட்டா ஸ்டால். பக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம். சாரலில் சிவப்புப் பெயின்ட் காயாமல் வழிந்து, ஒரு முனை மற்றவற்றைவிட நீளமாகியிருந்தது.

கல்லுக்கு முன்னால் நின்ற மனிதர் ஒல்லி. அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாட்டி. வாங்கம்மா, உக்காருங்க."

"சாப்பிட வரல" என்றாள் கோமதி. "ஒண்ணு சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன். அந்தப் பேர நான் மாத்தப் போறேன். அது இந்த அக்கா விவரம் தெரியாமப் போட்டது. ஒங்களுக்குச் சொல்லாம மாத்தினா, நாளைக்கு நாலு பேரு ஒங்களத்தான் கேலி பண்ணுவாங்க. அதான் நேர்ல வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். அடுப்பைக் குறைத்தார். "நான் என்ன நெனச்சுட்டேன்னா, நீயாத்தான் போட்டிருக்கன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

"இல்ல."

"சரி."

கல்லில் கிடந்த பரோட்டாவைத் திருப்பிப் போட்டார். பிறகு அவராகவே, "நானா கண்ணு முழிச்சுக் கண்டுபிடிச்சேன்? உன் பேரப் போடு. அதான் மொற. இந்தப் போர்டு இருக்கட்டும், அழிக்கச் சொல்லாத. ஸ்டாருன்னு பேரு வச்ச கட ஊருல நூறு இருக்கு" என்றார். குரலில் லேசாகச் சிரிப்பு வந்து போனது. பிறகு என் பக்கம் திரும்பி, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இவ இருந்தப்ப செக்போஸ்ட்ல ரெண்டு கோமதிம்மா. ஒருத்தி எஸ் கோமதி. அதனால இன்ஷியலச் சேத்துத்தான் கூப்பிடுவாங்க. பி கோமதின்னு கூப்பிடுத சத்தம் இங்கன வரைக்கும் கேக்கும். அந்த ஒரு எழுத்து போதும் எனக்கு."

கோமதி வாசல் பக்கம் திரும்பினாள். சாலையைப் பார்த்தாள். போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நேரம் பார்த்து மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது, சாலையே தெரியவில்லை. நான் மெதுவாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். சிறிது நேரம் கழித்து அவளும் உட்கார்ந்தாள். யாரும் கேட்காமல் இரண்டு இலை வந்தது.

எங்கள் ஊர் ரொட்டி சானாய் மென்மையானது, பருப்புக் குழம்போடு சமர்த்தாக இருக்கும். இது வேறு சாதி. ஓரத்தில் மொறுமொறுவென்று உடைந்து, நடுவில் இழை இழையாகப் பிரிந்தது. சால்னாவில் மிளகு மூக்கைத் துளைத்தது. வந்த காரியத்தை மறந்து நான் நான்கு தின்றேன். கோமதி இரண்டு. அவர் மறுபடியும் சால்னா ஊற்ற வந்தபோது அவள் இலைக்கு மேல் கையை நீட்டித் தடுக்கவில்லை. மழை விட்டதும் எழுந்து கை கழுவினாள். "வாரேன்" என்றாள். இங்கே போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற சொல்தான். அவர் அதைக் கேட்டுவிட்டு வேகமாக உள்ளே போய் மாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தார்.

நான்காம் நாள் காலை படிவத்தைத் திறந்து உட்கார்ந்தோம். இந்த முறை தட்டச்சு செய்தது கோமதி. குடும்பப் பெயர்க் கட்டத்தில் கை நின்றது.

"அக்கா, அப்பா பேரு போட்டப்ப ஒத்துக்கிட்டாங்கள்ல? அம்மா பேரு போட்டா?"

கண்டுபிடித்தவர் பெயரைத்தான் போட வேண்டும், மற்றவர் பெயரை விண்மீனுக்குச் சூட்ட அனுமதியில்லை என்பது விதி. சொல்ல வாயெடுத்தேன். அப்படியானால் பரமசிவம் எப்படி நுழைந்தார்? வீரப்பன் மூன்று முறை எப்படி நுழைந்தார்? அவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள்? இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை.

அடுப்படியிலிருந்து ஆவுடையம்மாள் தீர்ப்பு சொன்னார். "என் பேரு எதுக்கு? நான் பாத்தது சோத்துப்பானைதான். ராத்திரி பகலா உக்காந்தது நீ. யாரு பாத்தாளோ அவ பேரப் போடு. இன்ஷியலெல்லாம் ரேசன் கார்டுல இருந்தாப் போதும்."

எனக்கு ஒற்றைப் பெயர்தான், குடும்பப் பெயர் கிடையாது என்று கோமதி அதிகாரிக்கு ஒரு வரி எழுதினாள். கோமதி வி ஒன்று என்று நிரப்பினாள். அனுப்பும் முன் திரும்பி, "நிரந்தரப் பேரு வந்த பொறவு இது போயிருமாக்கா?" என்று கேட்டாள்.

"போகாது. மாற்றுப் பெயர்களின் வரிசையில் கீழே இருக்கும்."

"வரிசைன்னா சரி. நமக்குப் பழக்கந்தான்" என்று சொல்லி அனுப்பினாள்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம் பதில் வந்தது. ஒற்றைப் பெயருக்குத் தடையில்லை, விண்மீன் பட்டியலில் ஏறிவிட்டது என்று இரண்டே வரி. கோமதி ஐந்தருவியில் பணியில் இருந்தாள். தொலைபேசியில் சொன்னேன். தண்ணீர் இரைச்சலில், "என்னது? என்னது?" என்று மூன்று முறை கத்தினாள். நான்காவது முறை புரிந்துவிட்டது. பின்னால் ஒருவர், "போலீசம்மா, எங்கள எப்ப விடுவிய?" என்று கேட்டதும், "போங்க அண்ணாச்சி, இன்னிக்கு எவ்வளவு நேரம் வேணாலும் குளிங்க" என்று அவள் சொன்னதும் கேட்டது.

ஆவுடையம்மாளுக்குக் கணினியில் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்த பெயரை விரலால் தொட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்.

"இப்பம் அது மங்கிக் கிடக்கா, பளிச்சுன்னு இருக்கா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். "பளிச்சுன்னுதான் இருக்கு. நாளை மறுநாள் மத்தியானம்தான் மங்கும்."

"அப்பம் இன்னிக்கே தெருவுல சொல்லிர வேண்டியதுதான்" என்று சேலையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தார். செருப்பைக்கூடப் போடாமல் சாரலில் இறங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டில் யாரும் இல்லை போலும். அடுத்த வீட்டுக்குப் போனார்.